சுவருக்கு அப்பால் எரிந்த விளக்குகள்

கட்டுகஸ்தோட்டை

அன்புள்ள மகள் மதனிக்கு,

நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மழைதான் விட்டபாடில்லை. போனில் சொன்னால் நீ பயந்துபோவாய் என்று அம்மா தடுத்துவிட்டதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

நீ அனுப்பிய செடி லைட்டைப் பின்னறையில் கட்டி, கீழே பிகோனியா நாற்றுகளை வைத்தேன். அந்த அறை யன்னல் மண்மேட்டைப் பார்த்தது, அதால் வெளிச்சமே வராதென்று உனக்குத் தெரியும். முதலில் லைட்டைக் கிட்டக் கட்டியதில் இலைகள் கருகின, ஒரு முழம் உயர்த்தினேன், கருகல் நின்றது. ஆனால் நாற்றுகள் நிமிராமல் சுவர்ப்பக்கம் சாய்ந்தன, சட்டியைத் திருப்பி வைத்தாலும் இரண்டொரு நாளில் அங்கேயே வளைந்தன. ஒருநாள் பின்னேரம் லைட்டை நிற்பாட்டிவிட்டுப் பார்க்கிறேன், போன வருட மழையில் வெடித்த சுவர்க் கீறலால் நூல் போல வெளிச்சம் வந்து இலைமேல் விழுகிறது. சுவரில் கை வைத்தேன், காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது.

அந்தப் பக்கம் விவேகானந்தன் மாஸ்டரின் வீடு. மனைவி றீற்றா அன்ரியின் ஆண்டுத் திவசப் பூசை முடிந்து, மெல்பேர்ணில் இருக்கும் மகனிடம் போகிறேன் என்று எங்களிடம் விடைபெற்றுப் போனவர். முன்கதவில் இன்னும் ஆமைப்பூட்டு தொங்குகிறது. பல்பை நிற்பாட்ட மறந்திருப்பார் என்றாள் அம்மா. நான் கீறலில் காதை வைத்தேன். உள்ளே ஒரு குரல், மிகவும் மெதுவாக, “கொஞ்சம் தள்ளி இருங்கோ, கிட்ட இருந்தால் சுடும். இப்ப குளிருதோ?” என்று கேட்டது. பதிலுக்குக் காத்திருப்பது போலப் பேசாமல் இருந்தது. பிறகு, “சரி, இன்னொண்டு போடுறன்” என்றது.

சந்திக் கடை ருஷ்தியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்தால் போனேன். குசினிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பாண் சுடும் போறணைக்குள் போன மாதிரி வெக்கை. யன்னல்களுக்குக் கம்பளி அடித்து, அறை முழுக்க அன்ரியின் அந்தூரியப் பூச்செடிகள், தலைக்கு மேலே வரிசையாக லைட்டுகள். நடுவில் அன்ரியின் சாய்மனைக் கதிரை வெறுமையாக இருந்தது, மாஸ்டர் அதன் காலடியில் உதடு வெடித்துக் கிடந்தார். ருஷ்தி அவரைத் தூக்கி, “சேர், யாரோட பேசிட்டிருந்தீங்க?” என்று கேட்டான். “சத்தம் போடாதேங்கோ தம்பி, அவ இப்பதான் கண்ணயர்ந்தவ” என்றார்.

பயணத்தைத் தள்ளிப்போட்டதாக மகனுக்குச் சொல்லிவிட்டு, கொழும்பு வரை போய்த் திரும்பி வந்து, இத்தனை மாதமும் பின் ஒழுங்கையால் போய்ப் பாண் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் அதையும் விட்டுவிட்டார். உடம்பில் நீர் வற்றிப்போனது, இன்னும் பிந்தியிருந்தால் தப்பியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது அங்கேயே கஞ்சி குடிக்கிறார், மகனும் வந்து அவரோடு கூடவே நிற்கிறான். வெக்கையில் வளர்ந்த செடிகளை ஒரேயடியாக வெளியே வைத்தால் செத்துவிடும், அதனால் நாளுக்கு ஒரு லைட்டாக நிற்பாட்டி, யன்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறோம். அந்த வேலை அம்மாவுடையது. பூட்டின் திறப்பு அவளிடம்தான் இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டி, சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறாள். வெறும் வீட்டுக்கு ஏன் தட்டுகிறாய் என்று கேட்டேன். “ஆள் இருக்கிற வீட்டுக்குள்ள தட்டாமல் எப்பிடியப்பா போறது” என்றாள்.

உன் செடிகளை ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதே. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வை, உன் பெயரையும் அவர்களுக்குச் சொல்லி வை. பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா
செல்லப்பா