நாற்றைத் தொடக்கூடாத அரசியார்

நலம் பெருகுக, நாடு செழிக்க. மழை தவறாத தாழைநாட்டில் மன்னர் குவலயமாறருடன் ஒரே அரியணையில் வீற்றிருக்கும் மாதேவி நறுங்கோதையாரின் திருவாய்மொழிப்படி, ஆற்றுக்கு அக்கரைக் குறும்பொறை வட்டத்தின் அதிகாரி மதிமானத் தரையருக்கு ஓலைநாயகம் எழுதுவது. தங்கள் வயலும் வாய்க்காலும் பிள்ளைச் செல்வங்களும் நலமாயிருக்க அரசியார் வாழ்த்துகிறார். எழுத்து சற்றே சாய்ந்திருந்தால் பொறுத்தருள்க. அவையில் எழுந்த சிரிப்பு ஓலைநாயகத்தின் கையை இன்னும் விட்டபாடில்லை.

நடந்தது இதுவே. குறும்பொறைப் பெருவயலில் இவ்வாண்டின் முதல் நாற்றை அரசியாரே தம் திருக்கரத்தால் நட்டருள வேண்டும் என்று தாங்கள் உருகி உருகி விடுத்த அழைப்போலை நேற்று அவையில் படிக்கப்பட்டது. அரசியாருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. சேற்றில் இறங்க எந்தச் சேலை தோதாக இருக்கும் என்று தோழியரிடம் அங்கேயே கேட்கத் தொடங்கிவிட்டார். அடுத்து முறையிட வந்தவள் தங்கள் வட்டத்து நடவுக்காரி வெள்ளச்சி. பிள்ளை பெறாத பெண்கள் நாற்றைத் தொட்டால் கதிர் பதராகும், ஆகவே அவர்கள் வயலில் இறங்கலாகாது என்று தாங்கள் பறையறைந்து விதித்த கட்டளையை அவள் எடுத்துரைத்தாள்.

அரசியாருக்கும் மகப்பேறு வாய்க்கவில்லை என்பதை நாடறியும். அமைச்சர் தூணிலுள்ள சிற்பத்தைப் புதிதாய்ப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

வெள்ளச்சி சொன்னதைத் திருத்தாமல் எழுதுக என்பது அரசியாரின் ஆணையாதலால் அவ்வண்ணமே எழுதப்படுகிறது: "நடவு இல்லேன்னா கூலி இல்ல. கூலி இல்லேன்னா வைத்தியர் வாசல்ல போயி நிக்க முடியுமா? கஞ்சியே ஒருவேளைதான், ஒடம்புல தெம்பு எங்கேருந்து வரும்? இதுல எங்க வீட்டுக்காரருக்கு மாமியா வேற பொண்ணு பாக்குறாக. அரசியம்மாவுக்குந்தான் புள்ள இல்ல. அவுகள மட்டும் மேளம் கொட்டி வயலுக்குக் கூப்புடுறாகளே, அது எப்படிங்க?"

அரசியார் சிரித்தார். காதுத்தோடு கழன்று விழும்வரை சிரித்தார். சிரிப்பினூடே கண் நிறைந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஒரே குறைக்கு அரண்மனையில் திருவருள் தாமதம் என்றும் குடிசையில் மலடி என்றும் பெயரா என வினவினார். பாலும் பழமும் ஓய்வும் மருந்தும் குறைவின்றிக் கிடைத்தும் தமக்கே வாய்க்காத ஒன்று, பசியோடு வெயிலில் குனிந்து நிற்பவளுக்கு வாய்க்கவில்லை என்று அவள் பிழைப்பையும் பறிப்பது எந்த ஊர் நியாயம் என்றும் வினவினார். பிழைப்புப் போனால் அவள் வாழ்வும் கைவிட்டுப் போகுமே என்றார்.

பின்பு அரண்மனை வைத்தியரை அழைத்து, வெள்ளச்சியின் கணவன் எயினனின் நாடியை எவரேனும் பார்த்ததுண்டா என்று கேட்கச் செய்தார். இல்லை என்றாள் அவள். மன்னரின் நாடியைப் பார்த்ததுண்டா என்று அரசியார் கேட்டதும் வைத்தியரும் இல்லை என்றே சொன்னார். இத்தனை காலமும் அவர் பிடித்தது அரசியாரின் கையை மட்டுமே. மன்னர் முகம் சிவந்து, மீசையைத் தடவி, கடைசியில் தாமும் சிரித்துக் கையை நீட்டிவிட்டார். இன்று காலைமுதல் அவரும் கஷாயம் குடிக்கிறார். கிண்ணம் காலியாகும்வரை அரசியார் அருகிருந்து காவல் காக்கிறார். மடைப்பள்ளிமுதல் மதில்வாசல்வரை இதே பேச்சு.

ஆகவே தங்களுக்கு ஆணையாவது. அரண்மனை வைத்தியர் குறும்பொறைக்கு வந்து, பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் இணையர் அனைவரையும் அரசின் செலவில் பார்ப்பார். ஆடவர் முதலில் கை நீட்டுக. மன்னரே நீட்டியபின் எயினன் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவரை அவன் தாயார் பெண் பார்க்கும் அலைச்சலை விட்டு வீட்டில் இருக்கட்டும். பிள்ளை பிறந்தே தீரும் என்று அரசியார் எவருக்கும் வாக்களிக்கவில்லை. அந்த வாக்கு அவருக்கே கிடைத்ததில்லை. பிறவாவிடினும் வெள்ளச்சிக்கு நடவு உண்டு, கூலி உண்டு.

வரும் வளர்பிறையில் அரசியார் பெருவயலுக்கு எழுந்தருள்வார். தங்கள் கட்டளை நிற்குமாயின், தாங்களே வரப்பில் நின்று அவரைத் திருப்பி அனுப்புக. நில்லாதாயின், இவ்வோலை கண்ட அன்றே பறையறைந்து நீக்குக. முதல் நாற்றை வெள்ளச்சி நடுவாள். அவள் பக்கத்தில் நின்று இரண்டாவதை அரசியார் நடுவார்.

தாழம்பூ முத்திரை பதிந்தது, மொழிந்தபடி நடத்துக. கதிர் பதராய்ப் போனால், இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லுக.