முள்ளில்லாத மீன்

நவம்பர் 4, திங்கள்

ஹனோவர் வந்து எட்டு நாள். இன்னைக்கு பிரேக் பிரஷர் டெஸ்ட் பதினொண்ணு. எல்லாம் பாஸ்.

மதியம் ஒரு சின்ன சுஷி கடை. மீன் கடைக்குள்ள எதுக்குப் போனேன்? கவுண்டர்தான் காரணம். அஞ்சு ஸ்டூல், எதிர்ல நாற்காலி கிடையாது. மத்த கடைல "ரெண்டு பேரா"ன்னு கேப்பாங்க. இல்லைன்னதும் எதிர்த்தாப்ல இருக்கற தட்டை எடுத்துட்டுப் போயிருவாங்க. இங்க எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

வெள்ளரிக்கா ரோல், ஆறு பீஸ். என் சங்கரி தவறிப் போனதுல இருந்து கவுச்சி தொடல. அவ வருஷம் முடியற வரைக்கும் தொடறதில்ல.

நவம்பர் 5

அதே கடை, அதே ஸ்டூல். சுஷி உருட்டறவர் நேபாளியா பிலிப்பைனான்னு தெரியல. இங்கிலீஷ்ல "மறுபடியும் வெள்ளரிக்காயா?"ன்னு கேட்டார். நானும் இங்கிலீஷ்ல ஏதோ பேசினேன். வேலை பதினஞ்சாம் தேதி முடியுது, அப்புறம் ஒரு வாரம் சும்மா சுத்தப் போறேன்னேன். தெரியாத ஆள்கிட்ட பேசறது சுலபமா இருக்கு.

சங்கரி ஒருநாள் போன்ல சுஷி படம் காட்டினா. "முள்ளே இல்லாத மீனு. உனக்குன்னே கண்டுபிடிச்சிருக்கான்." அவ தூத்துக்குடி. நான் கோயமுத்தூர்க்காரன், சாளை மீன்ல முள் எடுக்கத் தெரியாது. நாலு வருஷமா அவதான் எடுத்து என் தட்டுல வெப்பா.

நவம்பர் 7

அம்மா போன். "பொள்ளாச்சிப் பொண்ணு. வருஷம் முடிஞ்சதும் பேசலாம்னு சொல்லி வெச்சிருக்கேன். போட்டோ மட்டும் பாரு கண்ணு."

எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வருஷம் முடிஞ்சதும்.

பத்தொன்பதாம் தேதி திதி வருது. சங்கரி அம்மா, அத்தை வீட்டுல திவசம், தூத்துக்குடில. குழந்தை இல்ல, அதனால நான்தான் செய்யணும். செஞ்சா வருஷம் முடிஞ்சுது. செய்யலன்னா? யாரும் நிறுத்தாத டைமர் ஓடிட்டேதான இருக்கும்? அதுக்குத்தான் இந்த ட்ரிப்புக்கு நானே பேர் குடுத்தேன். ரிட்டர்ன் டிக்கெட் இருபத்தி மூணுக்கு. வேற யாருக்கும் இது தெரியாது.

நவம்பர் 8

வெள்ளரிக்கா.

நவம்பர் 11

சாப்பிட்டுட்டு இருக்கும்போது அத்தை கூப்பிட்டாங்க. கடைல யாருக்குத் தமிழ் தெரியப் போகுதுன்னு அங்கயே எடுத்துட்டேன்.

"சாப்டீயளா மாப்ள? லீவு கெடச்சிட்டா? அய்யர்ட்ட சொல்லணும்லா."

"திவசத்துக்கு விட மாட்டேங்கறாங்க அத்தை. வேலை இருபத்திரண்டு வரைக்கும் இழுக்குது."

"ஒரு நா கூடயா?"

"முடியாது அத்தை."

"சரி, வேலையப் பாருங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

போனை வெச்சேன். கவுண்டருக்கு அந்தப் பக்கத்துல இருந்து குரல். "அண்ணை, வேலை பதினஞ்சோட முடியுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

நீங்க தமிழான்னு கேட்டேன்.

"ஓம். யப்பான் சாப்பாடு, வியட்நாம் முதலாளி, மன்னார்க் கை." சிரிச்சார். எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. மூணு பீஸை அப்படியே விட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

நவம்பர் 12

பேக்கரில ரொட்டி, நின்னுக்கிட்டே.

அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். போட்டோ முன்னால போய் நின்னு என்னன்னு சொல்லிருப்பாங்க? உன் புருஷனுக்கு லீவு இல்லைன்னா?

நவம்பர் 13

போனேன். வேற எங்க போறது.

அவர் பேர் ஜெசிந்தன். முப்பத்தி நாலு, என் வயசுதான். "குறை நினைக்காதேங்கோ அண்ணை"ன்னார். அப்புறம் மெதுவா, "ஆருக்குத் திவசம்?"

"என் வைஃப். டெங்கு. ஆறே நாள்."

சோத்தை அமுக்கிட்டே இருந்தார்.

"அப்பா செத்த நேரத்தில என்ர அகதிக் கேஸ் முடியேல்லை. போனா திரும்பி வரேலாது. அடக்கம், முப்பத்தோராம் நாள் பூசை, ஆண்டுப் பூசை எல்லாம் போனிலதான் பாத்தனான். அதிலயும் அடக்கம் அண்டைக்கு நெட் நிண்டுட்டுது." கத்தியைத் துடைச்சார். "எனக்குப் போகேலாது எண்டு கடிதம் வந்தது. உங்களுக்கு ஆர் அண்ணை கடிதம் தந்தது?"

பயமா இருக்குங்கன்னேன். செஞ்சு முடிச்சுட்டா அவ நெசமாவே போயிருவா. இதை வாய் விட்டுச் சொன்னது இதுதான் மொதல் தடவை. அதுவும் மீன் வெட்டற பலகை முன்னால.

"அப்பாவுக்கு ஏழு ஆண்டுப் பூசை முடிஞ்சுது. அவர் எங்க போனார்? இங்கதான் நிக்கிறார். கடலுக்குப் போன மனுசன். நான் கத்தி பிடிக்கிறது சரியில்லை எண்டு ஒவ்வொரு நாளும் பேசுறார்."

சிரிச்சுட்டேன். சத்தமா. எத்தனை மாசம் ஆச்சுன்னு தெரியல.

நவம்பர் 14

டிக்கெட் மாத்தியாச்சு. பதினாறு, சனிக்கிழமை. அத்தைக்குப் போன் பண்ணினேன்.

"லீவு பிரச்சனை இல்ல அத்தை. பொய் சொன்னேன். வரேன்."

அந்தப் பக்கம் கிரைண்டரை நிறுத்தற சத்தம் கேட்டுது. அப்புறம், "திவசத்துக்கு மறுநா மீன் எடுக்கணும். சாளை திம்பீயளா, இல்ல முள்ளில்லாம வேற எதும் வாங்கவா?"

சாளையே வாங்குங்கன்னேன்.

நவம்பர் 15

வேலை முடிஞ்சுது. ஜெசிந்தன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.

"இண்டைக்காவது ஒரு துண்டு மீன்?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்குங்க."

"அப்ப இதுதான் கடைசி. இனிமேல் உங்களுக்கு வெள்ளரிக்காய் வெட்டமாட்டன்."

நவம்பர் 20, தூத்துக்குடி

நேத்து திவசம் முடிஞ்சுது. பிண்டம் நான்தான் வெச்சேன்.

இன்னைக்கு மதியம் சாளை. மாமா, அத்தை, சங்கரி தம்பி, நான், எல்லாரும் தரையில உக்காந்தோம். என் தட்டுல ரெண்டு வெச்சாங்க. நான் பாத்துட்டே இருந்தேன். அத்தை கை நீட்டினாங்க. "குடுங்க மாப்ள, முள்ளெடுத்துத் தாரேன்."

வேணாம் அத்தைன்னேன். நடுமுள் பாதியிலேயே உடைஞ்சுது. சின்ன முள்ளெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து தட்டு ஓரத்துல வெச்சேன். ஒண்ணு தொண்டைல சிக்குச்சு. சங்கரி தம்பி ஒரு உருண்டை சோறு உருட்டி என் தட்டுல போட்டான்.

அரை மணி நேரம் ஆச்சு. எல்லாருக்கும் கை காஞ்சு போச்சு. நான் முடிக்கற வரைக்கும் யாரும் எந்திரிக்கல.