பெட்டிக்குத் தெரிந்த முகங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே என் கண் இரண்டைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அண்ணியைப் பற்றி ஒரு குறையும் இல்லை, பேனா அவள் கையில் இருக்கிறது.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. மனிதக் கண் மாதிரியே வெளிச்சத்தை வாங்கி, வேண்டாததைத் தள்ளிவிட்டு, எதிரே இருப்பது இன்னதென்று உரக்கச் சொல்லும், எங்கள் ஆபீசில் செய்ததுதான் என்று போனில் சொன்னாய். வேண்டாததைப் பார்க்காமல் விடுகிற வித்தை உன் அண்ணனுக்குப் பிறவியிலேயே உண்டு, அவனுக்கு யாரும் ஆபீஸ் கட்டித் தரவில்லை. சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். நாற்காலி என்றது, நாற்காலிதான். வாளி என்றது, வாளிதான், நான் இடித்துக்கொண்ட பிறகு சொன்னது. பீரோ பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மாவையும் சேர்த்து இரண்டு பீரோ என்றது. ஏங்க, உங்க பொண்ணு ஆபீசுல என்னை இப்படித்தான் எழுதி வச்சிருக்காளா என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை, பெட்டியை நானே செய்து வைத்த மாதிரி.

பிறகு அண்ணன் எல்லார் முகத்தையும் அதற்குக் காட்டிப் பழக்கினான். உனக்குப் பதிலாகக் கூடத்துச் சுவரில் இருக்கிற, நீ பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தைக் காட்டினான். மறுநாள் காலை கூடத்தைத் தாண்டினேன், மகள் எதிரே நிற்கிறாள் என்று கணீரென்று சொன்னது பெட்டி. அம்மா அடுப்பை அப்படியே விட்டு ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள். உன் செருப்பு கிடக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தாள். பால் பொங்கி வழிந்தது. அன்றிலிருந்து நீ தினமும் வருகிறாய், நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் வருகிறாய். படத்தைக் கழற்றிவிடலாம் என்றான் அண்ணன், அம்மா விடவில்லை. பெட்டி சொன்னால் இப்போது அவள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

அடுத்த மாதம் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். இடது கண் தேறினாலும் தேறுமாம், வலது கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாதாம். லீவு கிடைக்காதுப்பா, அதுக்குள்ள இதைவிட நல்ல பெட்டி வந்துரும் என்றாய். கோபமில்லை மகளே. ஆனால் நீ ஊஞ்சலிலிருந்து விழுந்து புருவத்துக்கு மேல் வந்த தழும்பை அந்தப் படத்தில் ஸ்டூடியோக்காரன் அழித்துவிட்டான். நீ நேரில் வந்து நின்றால் யாரோ ஒருவர் என்றுதான் பெட்டி சொல்லும். இருக்கிற பார்வை இருக்கும்போதே உன்னை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், மங்கலாகத் தெரிந்தாலும் போதும்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. ஒன்று மறக்காதே, வரும்போது வாசலில் நின்று நீயே கூப்பிடு. பெட்டி சொன்னால் அம்மா எழுந்து வரமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு