படகு அண்ணனுடையது, இன்ஜின் தம்பியுடையது

மே 7

இன்ஜின் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், என் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு. அறை முழுக்கப் பெட்ரோல் வாசனை.

படகு என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தாருடையது. அதில் மாட்டும் இன்ஜின் இவருடையது. பாகம் பிரித்தபோது அப்படி அமைந்துவிட்டது. அண்ணன் தம்பி ஒன்றாகத்தானே கடலுக்குப் போகப் போகிறார்கள் என்று அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. ஓட்டு எண்ணிய அன்று மூத்தார் கட்சி ஜெயித்தது, இவர் கட்சி தோற்றது. எங்கள் வாசலில் வந்து சரவெடி வைத்தார். இவர் நேரே கரைக்குப் போய், இன்ஜினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அவரிடம் ஓடாத படகு, எங்களிடம் மிதக்காத இன்ஜின்.

மே 8

பக்கத்து வீட்டுப் படகில் நல்ல சங்கரா மீன். எங்கள் வீட்டில் கத்தரிக்காய்.

மே 11

நான் பில் போடும் தருமபுரம் மருந்துக்கடையில் மத்தியானம் கூட்டமில்லை. இரண்டு கட்சிகளும் தேர்தலுக்கு முன் கொடுத்த நோட்டீஸ்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். மீனவர்களுக்கு என்று இரண்டிலும் ஒரே ஐஸ் கிடங்கு, கடலரிப்பைத் தடுக்க ஒரே தூண்டில் வளைவு. முதலாளி ஜவஹர் அலி பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா ஆராய்ச்சி? ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் நான் ஒரே பிரஷர் மாத்திரைதான் குடுக்குறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். தலைவர் படத்தை விரலால் மறைத்துக்கொண்டு நோட்டீஸ்களை இவரிடம் வாசித்துக் காட்டி, எது யாருடையது என்று கேட்டேன். இவர் "ஆகா, இதுதான் எங்க தலைவர்" என்று மெச்சியதெல்லாம் மூத்தார் கட்சியுடையது. விரலை எடுத்துப் படத்தைக் காட்டினேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நான் யாருக்குப் போட்டேன் என்று இவர் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை. இருக்கட்டும்.

மே 14

தமிழ்வேந்தன் வந்திருந்தார். அண்ணன் தம்பியோடு மூன்றாவது ஆளாகக் கடலுக்குப் போகிறவர். சொந்தப் படகும் இல்லை, இன்ஜினும் இல்லை. இவர்கள் சண்டையில் அவர் வீட்டு அடுப்பும் அணைந்து கிடக்கிறது.

"நான் ரெண்டு பேருகிட்டயும் அவங்கவங்க கட்சிக்குத்தான் ஓட்டுன்னு சொல்லி வச்சிருந்தேன் அண்ணி. அப்பக்கூட எனக்குத்தான் சோறு போச்சு" என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பெரிய விசைப்படகுகளுக்கு இது தடைக்காலம். எங்களைப் போன்ற சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைப்பது இந்த ஒரு சமயத்தில்தான். ஜூன் நடுவில் பெரிய படகுகள் இறங்கிவிட்டால் எங்கள் மீனை யார் சீந்துவார்கள்? அதற்குள் இவர்கள் கடலுக்குப் போகாவிட்டால் இந்த வருடம் போனதுதான்.

மே 19

இன்று பெரிய கூத்து. தோற்றுப்போன இவருடைய கட்சித் தலைவர், ஜெயித்தவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஃபோனில் படம். மூத்தாருடைய தலைவர் இவருடைய தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார், இருவரும் கட்டித் தழுவுகிறார்கள்.

இவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆவல். கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கடைசியில் வாயைத் திறந்து, "இது ராஜதந்திரம்" என்றார்.

அப்படியானால் இன்ஜினைக் கரைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். அது வேறு, இது வேறாம்.

மூத்தார் வீட்டுக்குப் போய் அவர் மனைவி கமலாம்பாள் அக்காவிடம், உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ராஜதந்திரமாம்" என்றார் அக்கா.

எனக்கு வந்ததே கோபம். அங்க அவனுங்க ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் புடிச்சிக்கிட்டானுங்க. இங்க இவரு இன்ஜினைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. ஓட்டுப் போட்ட நாமதான் கேணையா? இனி எந்தக் கொடி வந்தாலும் கதவைச் சாத்தப் போறேன்.

மே 20

கோபம் தணிந்துவிட்டது. யோசனை மட்டும் போகவில்லை. கட்சிகளே ஒன்றாகிவிட்டன, பிறகு இவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள்?

இவரிடம் கேட்டுக் கேட்டு ஒருவழியாக வாங்கிவிட்டேன். அன்றைக்கு வெடி வைத்தபோது மூத்தார், "தோத்தவன் இன்ஜின் எதுக்குடா என் படகுல?" என்றாராம். ஊரே நின்று கேட்டதாம். அவர் வீட்டுக் கதை வேறு. "வெளாட்டுக்குச் சொன்னேன், அவன் அதுக்குள்ள ஸ்பானரோட வந்துட்டான்" என்று அக்காவிடம் புலம்பினாராம்.

ஆகக் கட்சி இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அதை வந்து திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு வெட்கம், போய்க் கேட்க இவருக்கு ரோஷம்.

மே 22

அக்காவுக்கு மூளை அதிகம். தண்ணீர்க் குழாயடியில் வைத்துத்தான் சொன்னார்.

அதன்படி இவரிடம், இன்ஜினைச் சும்மா வைத்திருப்பதற்குத் தமிழ்வேந்தனுக்கு வாடகைக்கு விடலாமே என்றேன். அண்ணனுக்கு இல்லை என்றால் யாருக்கு வேண்டுமானாலும் விடு என்றார். அதே நேரம் அந்த வீட்டில் அக்கா, படகைத் தமிழ்வேந்தனுக்கு விடலாமே என்றிருக்கிறார். தம்பிக்கு இல்லை என்றால் சரி என்றாராம் மூத்தார்.

இன்ஜினுக்குத் தமிழ்வேந்தன் படகை எங்கிருந்து கொண்டுவருவார் என்று இவர் கேட்கவில்லை. படகை எதை வைத்து ஓட்டுவார் என்று அவரும் கேட்கவில்லை.

மே 25

விடிந்ததும் கரைக்குப் போனேன். மூத்தார் படகில் தமிழ்வேந்தன் எங்கள் இன்ஜினை மாட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒரு பக்கம், மூத்தார் ஒரு பக்கம், இரண்டு பேரும் கல்லாய் நின்றார்கள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வாயைத் திறக்க வழியில்லை.

அடுத்த சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. கூட வர ஆள் இல்லை. இந்தச் சமயத்தில் ஊரில் கை உள்ளவர் எல்லோரும் ஏதாவது ஒரு படகில் இருப்பார்கள். சும்மா நிற்பது இந்த இரண்டு பேர் மட்டும். தமிழ்வேந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, பங்கு தருகிறேன், வருகிறீர்களா என்று தனித்தனியாகக் கேட்டார்.

"என் இன்ஜினுக்கு நான் கூலியா?" என்றார் இவர். ஆனால் இன்ஜினைக் கிளப்பத் தமிழ்வேந்தன் கயிற்றை இழுத்த இழுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. தள்ளு என்று சொல்லி ஏறிவிட்டார். மூத்தார் முன்பே ஏறியிருந்தார்.

மே 26

தமிழ்வேந்தனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. படகில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லையாம். "வலையை விடச் சொல்லு" என்று இவர் சொல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மூத்தாரிடம் தமிழ்வேந்தன் அதைத் திரும்பச் சொல்ல வேண்டுமாம். பதிலும் அதே வழியில். நாள் முழுக்க.

மீன் சுமார்.

மே 30

இன்னும் அப்படியேதான். தமிழ்வேந்தனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஜூன் 3

காலை பத்து மணிக்குத் தமிழ்வேந்தன் கடைக்குள் நுழைந்தார், காய்ச்சல் மாத்திரை வேண்டும் என்று. தமிழ்வேந்தன் இல்லாமல் அண்ணனும் தம்பியும் பேச மாட்டார்களே, இன்றைய நாளும் போச்சா?

"நீங்க போவலன்னா படகு கரையிலயா கெடக்குது?" என்றேன்.

"இல்லியே அண்ணி. நானும் போயிப் பாத்தேன். படகைக் காணும்."

மத்தியானம் வரை கணக்கே ஓடவில்லை. தப்புத் தப்பாக பில் போட்டேன், பாய் ஒவ்வொன்றாகத் திருத்தினார். மாலை இவர் வந்தார். சட்டையெல்லாம் செதில். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், "வலை கனமா இருந்துச்சு. இழுன்னு சொல்லித்தானே ஆவணும்."

யார் முதலில் சொன்னது? அதை மட்டும் சொல்லவில்லை.

இரவு அக்கா குழம்பு கொண்டுவந்தார். கரை ஏறும்வரை படகில் ஒரே கட்சிச் சண்டையாம். இவர், தன் தலைவர்தான் பெரிய மோசக்காரர் என்றாராம். மூத்தார் விடவில்லையாம். "உன் ஆளு என்னடா ஆளு, அவனைச் சேத்துக்கிட்ட என் ஆளுதான்டா பெரிய மோசக்காரன்" என்றாராம்.

நாளைக்கும் அதையே பேசிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் இன்ஜின் கிடந்த இடத்தில் தரை கறுத்திருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.