ஒரு ‘ங்க’

செவ்வாய்க்கிழமை.

பாலக்கரை கிளினிக்கில் பதினோரு வருடமாக டோக்கன் கூப்பிடுகிறேன். இன்று காலை முதல் டோக்கன் காரில் வந்த மூன்று வயதுக் குழந்தை. “வாங்க செல்லம், உள்ள வாங்க” என்றேன். அதன் அம்மா சிரித்தார். அடுத்தது துறையூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த வயதான விவசாயப் பெண். “ஏம்மா, உள்ள வா, சீக்கிரம்” என்றேன்.

அவள் எழுந்து வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். “அந்தப் பிள்ளைய வாங்கன்னு கூப்டீங்க. என்னைய வான்னீங்க. எனக்கும் ஒரு ‘ங்க’ போடக் கூடாதாம்மா?” என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசுகிறவள் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். “மன்னிச்சுக்குங்க, உள்ள போங்க” என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு டோக்கனுக்கும் என் குரல் எனக்கே கேட்டது. காரில் வந்தால் வாங்க. கசங்கிய வேட்டிக்கு வா. பதினோரு வருடம்!

மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் அம்மா என்னைவிடச் சின்னவள்; அவர் ‘சிரித்தார்’. என் அம்மா வயதுக்காரர் ‘கேட்டாள்’.