நிலை வைக்கும் நாள்

ஆக. 27, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனையூர் மனையில் பேஸ்மட்டம் முடிந்தது. இடுப்பளவு உயரம். மூன்று சுற்று சுற்றிப் பார்த்தேன். வீடு என்று சொல்ல முடியாது, பெரிய தொட்டி. இருந்தாலும் என் தொட்டி.

வாசல் நிலை வைக்க 7-ம் தேதி வெள்ளி, காலை 9க்கு மேல். ஆவணியில் அதை விட்டால் நாள் இல்லை. புரட்டாசியில் வைக்க மாட்டார்கள், ஐப்பசியில் மழை. நிலை நின்றால்தான் சுவர் எழும்பும். பழங்காநத்தத்து வீட்டுக்காரர் இன்றும் குழாயடியில் நிறுத்திச் சொன்னார்: “பொங்கலுக்குள்ள காலி பண்ணிருங்க சார். மகனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்.”

வாங்க: வாளி (பழையது ஓட்டை), நவதானியம், மஞ்சள் துணி, சைக்கிள் ட்யூப், சாக்கு. சர்க்கார் பெர்மிட்டில் வாங்கிய சிமென்ட் மூட்டைகளை மூட வேண்டும், ஈரம் பட்டால் கல்லாகிவிடும்.

காண்ட்ராக்டர் கிடையாது, நானே நின்று கட்டுகிறேன் என்று ஆபீஸ் முழுக்கப் பெருமை அடித்தாயிற்று. உண்மையில் நிற்பது பெண்டாட்டி சந்திரா. உமாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறைத்து, கட்டடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் திரும்புகிறாள். ஆள் வைக்கலாம் என்றேன். “ஆளு நாம பாக்கும்போது மட்டும் ஊத்தும்” என்கிறாள்.

ஆக. 29, புதன்

கொத்தனார் கருப்பையா வரவில்லை. வயிற்றுக்கடுப்பாம். சித்தாள் முத்தம்மா மட்டும் மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். என் பிளானில் அடுப்படிக் கதவைத் திறந்தால் சுவரில் முட்டும் என்று இன்றுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சந்திரா சாப்பிடவில்லை. வெயிலாம். குழம்பில் உப்பில்லை என்று கத்தினேன்.

ஆக. 31, வெள்ளி

கருப்பையா இன்றும் இல்லை. புதன் வயிறு. வியாழன் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. இன்று இடுப்புப் பிடிப்பு. நாளைக்கு என்ன உறுப்போ.

முத்தம்மாவைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “நீங்களே போயிக் கேளுங்கண்ணே.”

செப். 2, ஞாயிறு

கருப்பையாவைத் தேடி விளாங்குடிக்கே போய்விட்டேன். மனுசன் திடகாத்திரமாக மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். கோபம் உச்சிக்கு ஏறியது. அஞ்சு நாளில் நிலை வைக்கணும், உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்றேன். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

“நான் வைக்க மாட்டேண்ணே. உங்க வீட்டம்மா முழுகாம இருக்காக. அந்த வீட்டுல நிலை தூக்குவாகளா?”

யார் சொன்னது என்றேன்.

“யாரு சொல்லணும்? தண்ணி ஊத்துன செங்கல்லுல ஒரு சில்ல எடுத்து வாயில போட்டு மெல்லுது அந்தம்மா. நாலு பெத்தவளோட குடும்பம் நடத்துறேன், தெரியாதா? நாளைக்கு ஒன்னுன்னா கருப்பையா கைராசின்னுதான் பேசுவாக. நல்லபடியாப் பெத்தெடுக்கட்டும். சித்திரையில வச்சுக்குவோம்.”

என் பெண்டாட்டி உண்டாகியிருப்பதைக் கொத்தனார் சொல்லித் தெரிந்துகொண்டேன். சைக்கிளில் ஏறத் தோன்றவில்லை. வைகைப் பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதம் என்று நேரடியாகக் கேட்டேன். கத்தி நிற்கவில்லை.

“மூணு முடியப் போகுது.”

“என்கிட்ட சொல்ல மாட்டியா?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீக? வேலைய நிறுத்தியிருப்பீக.”

ஆமாம். நிறுத்தியிருப்பேன். உமாவுக்குப் பிறகு இரண்டு கலைந்தது. இரண்டுமே நாலாம் மாதம். அதைத்தான் சொன்னேன். அதற்கும் வைத்திருந்தாள் பதில்: “அப்பல்லாம் எந்த நிலைய வச்சோம்? இந்த வாடகை வீட்டுலதான கெடந்தேன்?”

ஒரு நாளைக்கு எத்தனை குடம் இறைத்தாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

செப். 3, திங்கள்

இனி ஆனையூர்ப் பக்கமே போகக் கூடாது என்றேன். சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொன்னதில்லை.

சகுனம், சாஸ்திரம் எல்லாம் மூடத்தனம் என்று ஆபீஸ் டீக்கடையில் நான் பேசிய பேச்சு கொஞ்சமா. இன்று பழங்காநத்தத்திலேயே வேறு கொத்தனார் ஒருவரைப் பிடித்தேன். முதல் கேள்வியே, “வீட்டுல விசேஷம் எதுவும் இல்லையே சார்?” இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நம்பாதவனுக்கு எதற்கு இந்தப் பயம்? வெட்கக்கேடு.

சித்திரை வரைக்கும் வேலை வேண்டாம் என்று முத்தம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். பொங்கலுக்கு எங்கே போய் நிற்பது, தெரியவில்லை. சிமென்டும் அதற்குள் கல்லாகிவிடும்.

செப். 5, புதன்

புழுக்கம். செல்லூரில் நிலை செய்கிற ஆசாரி பட்டறைக்குப் போனேன், வெள்ளிக்கிழமை இல்லை என்று சொல்ல. அவர் என்னைப் பேசவிட்டால்தானே. நிலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தலைக்கட்டையில் தாமரை செதுக்கியிருக்கிறார். நான் கேட்கவேயில்லை, அவராகச் செய்தது.

“ஒம்போதுக்கு முன்னாடி வண்டியில ஏத்திக்கிட்டு வந்துருவேன். நீங்க கவலப்படாதீக.”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

செப். 6, வியாழன்

ஆபீசில் ஆடிட். வெளியே தலை காட்ட முடியவில்லை. நாளைக் காலையில் முதல் வேலை செல்லூர்.

சந்திரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆசாரிகிட்ட சொல்லியாச்சா?” ம் என்றேன்.

செப். 7, வெள்ளி

எட்டு மணிக்குப் பட்டறை பூட்டிக் கிடந்தது. மனைக்குப் போவார், ஆள் இல்லையென்றால் திரும்பிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆபீஸ் போனேன். ஆனையூருக்கு ஓடியிருக்க வேண்டும். ஆடிட் மேல் பழி போட்டேன். ஆசாரி முகத்தில் விழிக்கத் தைரியமில்லை, அதுதான் நிஜம்.

ஐந்தரைக்கு வீடு. சந்திரா நல்ல சேலையில், தலை நிறையப் பூ. உமா கையில் வாழைப்பழம், பள்ளிக்கூடம் போகவில்லை.

“நிலை வச்சாச்சு.”

உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க சொல்லலைன்னு நேத்தே உங்க மூஞ்சி சொல்லிருச்சு. முத்தம்மா கலவை போட்டா. ஆசாரியும் அவரு ஆளுங்களும் தூக்கி நிறுத்துனாக. தானியம் போட்டு, மஞ்சத் துணி கட்டி, நானும் உமாவும் கை வச்சோம். ‘சார் எங்கம்மா’ன்னு ஆசாரி கேட்டாரு. ஆடிட்டுன்னேன்.”

“நீ உண்டாயிருக்கிறது ஆசாரிக்குத் தெரியுமா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேனோ. நாளைக்கே போய்ப் பிடுங்கிப் போடுகிறேன் என்றேன்.

“வச்ச நிலையைப் பிடுங்குவீகளா?” என்றாள். அவ்வளவுதான்.

முடியாது. அது இதைவிட மோசம். எந்த ஊரிலும் எவனும் செய்ய மாட்டான். வைத்ததும் தப்பு, எடுப்பதும் தப்பு. நடுவில் நான்.

செப். 8, சனி

விடிந்ததும் ஆனையூர். மேகமூட்டம். வெறும் பேஸ்மட்டத்தின் மேல் நிலை மட்டும் தனியாக நிற்கிறது, முட்டுக்கொடுத்த இரண்டு சவுக்குக் கட்டையோடு. உள்ளே பார்த்தால் தோட்டத்துக்காரர் மாடு மேய்கிறது. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏதாவது கோணல் இருந்தால் அதைச் சாக்கிட்டு ஆசாரியைத் திட்டலாம். இம்மியும் இல்லை.

கருப்பையா வந்து நின்றார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிலையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு, “வச்ச பிறகு சும்மா போடக்கூடாதுண்ணே. திங்கக்கிழமை சுவரு ஆரம்பிக்கிறேன். தண்ணி முத்தம்மா ஊத்தட்டும். அந்தம்மா வரவேணாம், சொல்லிருங்க” என்றார். தலைக்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். பதினோரு மணி, உலை வைக்கவில்லை. சந்திரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பகலில் படுக்கிறவள் இல்லை. வலிக்குதா என்றேன். இல்லை என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பாமலே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஒன்னும் ஆகாதுல்ல?”

ஆகாது என்றேன். ஆடிட்டில் கணக்கு ஒப்பிக்கிற குரலில், உறுதியாக.

நாலாம் மாதம் பிறக்க இன்னும் ஒன்பது நாள்.