சரோஜாவின் பொட்டும் துறைமுக வேலையும்

செவ்வாய், 14-8-1984, இரவு

இன்று துறைமுக அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். கைக்குட்டை இல்லாததால் டையிலேயே மூக்கையும் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சரோஜாவின் கணவர் சரக்குப் படகோடு காணாமல் போய் இரண்டு வருஷமாகிறது. அவருக்குப் பதிலாகத் தனக்கு வேலை கேட்டு அவள் மனு போட்டிருந்தாள். இன்று நேரில் அழைத்திருந்தார்கள். துணைக்குப் போன நான், பரிதாபமாக வரும்படி சொல்லியிருந்தேன். அவளோ பெரிய பொட்டும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து நின்றாள். கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்றே பஸ்காரர் நினைத்திருப்பார்.

"என்னம்மா, புருஷன் இல்லேன்னு மனு போட்டுட்டு, பூவும் பொட்டுமா வந்திருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"காணோம்னுதான் சார் எழுதினேன், செத்துட்டாருன்னு எழுதலையே! அவரு திரும்பி வந்தா வேலைய அவருக்கே குடுத்துடுறேன் லா," என்றாள், மலாய்க்காரர் பாணியில் ஒரு 'லா'வும் சேர்த்து.

அதிகாரி சிரித்துவிட்டார். திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கிடங்கில் வேலை. அப்போதுதான் நான் அழுதேன். வேலை கிடைத்தவள் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில், "அவரு வந்தா நிஜமாவே வேலைய விட்டுடுவியா தங்கச்சி?" என்று தழுதழுத்தேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணே? வந்தா வீட்டுல சோறாக்கட்டும்," என்றாள்.